சானல் கரையில் ஒரு சக்கர நாற்காலி

நல்ல மனதோடு சொல்லப்பட்ட ஒரு பேச்சை மறுத்துப் பேசுவது கஷ்டம். அதுவும் துக்க வீட்டில் என்றால் தலையாட்டிக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. என் மாமனாரின் பதினாறாம் நாள் காரியமான அடியந்திரத்தன்று, அவரோடு பொதுப்பணித்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எழுந்து நாலு வார்த்தை பேசினார். கோதையாற்று மலையிலிருந்து மணக்குடிக் காயல் வரைக்கும் மாமாவின் கால் படாத இடமில்லை என்றார். எந்த மடை எப்போது அடைக்கும், எந்தக் குளம் எந்த மழைக்கு மறுகால் பாயும் என்பதெல்லாம் அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வோம் என்றார். எல்லாம் உண்மை. கடைசியில் குரல் உடைந்து, "அப்பிடி மலையும் காடுமா அலைஞ்ச மனுசன், வீட்டுக்காரிக்காகக் கடைசி ஏழு வருசம் வீட்டுக்குள்ளயே முடங்கிப் போனாரே" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பந்தலில் பலரும் கண்ணைத் துடைத்தார்கள்.

அந்தக் கடைசிப் பேச்சை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவர்மேல் கோபமில்லை, மாமாமேல் அவ்வளவு பிரியம் இருந்ததால்தான் அத்தனை தூரம் பஸ் ஏறி வந்து பேசினார். ஆனால் அந்த ஏழு வருடமும் அதே வீட்டில் இருந்தவள் நான். முடங்கிப்போன மனிதர் யாரையும் நான் அங்கே பார்க்கவில்லை. அதற்கப்புறம் துக்கம் கேட்க வந்தவர்களும், போனில் விசாரித்தவர்களும் அதே பேச்சைத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இப்படியே விட்டால் என் பிள்ளைகளும் தாத்தாவை அப்படித்தான் நினைவில் வைத்துக்கொள்வார்கள் என்கிற பயம் வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

தண்ணீர் வந்த வழி

நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரி. குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவள். கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூருக்கு மருமகளாக வந்த புதிதில், வீட்டுக்குப் பின்னால் சானலில், அதாவது பாசனக் கால்வாயில், இரவும் பகலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்த்து எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இது எங்கிருந்து வருகிறது என்று மாமாவிடம் கேட்டேன். அன்றைக்கு அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னாலேயே கதவைத் தட்டி, "கெளம்பு மக்ளே, அது வந்த வழியெப் பாத்துட்டு வந்திருவோம்" என்றார். மாமா, அத்தை, என் வீட்டுக்காரர், நான், நாலு பேரும் கிளம்பினோம். அத்தை புட்டும் பயறும் கட்டி, மட்டிப் பழம் ஒரு சீப்பு எடுத்துக்கொண்டார். மாமாவின் பையில் ஒரு துவர்த்துத் துண்டு, ஒரு வெட்டுக்கத்தி, ஒரு அளவு டேப். மற்றவர்கள் குடையை மறக்காமல் எடுப்பதுபோல அவர் அந்த டேப்பை எடுப்பார்.

வழியில் நான்தான் கேட்டேன்: சானல் ஏன் இப்படி வளைந்து வளைந்து போகிறது, நேராக வெட்டியிருந்தால் தூரம் மிச்சமாகியிருக்குமே? மாமா வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கினார். ஒரு கரையில் மலைச்சரிவு ஏறுவதையும் மறு கரைக்குக் கீழே வயல் ஏலா பள்ளத்தில் கிடப்பதையும் காட்டினார். நேராக வெட்டினால் தண்ணீர் கடகடவென்று பள்ளத்துக்கு இறங்கிவிடும். அப்புறம் அதற்கு மேலே கிடக்கிற வயல்களை எட்டவே எட்டாது. அதனால் மலையின் இடுப்பைச் சுற்றி, ஒரு மைலுக்கு ஒன்றிரண்டு அடி மட்டும் சரிகிற மாதிரி கொண்டுபோக வேண்டும். "ஒருக்கா எறங்கின தண்ணி திரும்ப ஏறாது மக்ளே. ஒயரத்தைச் செலவழிக்கதுல மட்டும் கஞ்சத்தனம் வேணும்" என்றார். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் தேங்குகிற தண்ணீர் புத்தன் அணை வழியாக நாஞ்சில் நாட்டுக்கு வந்து சேருவதை அன்றைக்கு முழுக்கப் பார்த்தோம். இருபத்தைந்து வயது வரைக்கும் தண்ணீரைக் குழாயில் மட்டும் பார்த்த எனக்கு, ஒரு மாவட்டத்தையே ஒருவர் சாய்வும் மட்டமுமாகப் பார்க்க முடியும் என்பது புதுசாக இருந்தது.

பேச்சிப்பாறை அணை 1897ல் தொடங்கி 1906ல் முடிந்தது. திருவிதாங்கூர் காலத்து வேலை. கட்டிய பொறியாளர் மிஞ்சின். ஊர்க்காரர்கள் அவரை மூக்கன் துரை என்பார்கள். அவருடைய கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே போனதும் மாமா செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். வேலை பார்த்த இடத்திலேயே படுத்துக்கொண்டவர் என்று ஏதாவது பெருமையாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு: "இவருக்க வீட்டுக்காரி, பிள்ளைய எல்லாம் இதெ வந்து பாத்திருப்பாவளா?" யாருக்கும் பதில் தெரியவில்லை. அத்தை பழத்தைப் பிய்த்து எல்லோர் கையிலும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கேள்விதான் மாமா என்று எனக்குப் பிற்பாடு புரிந்தது. தான் பார்த்த ஒன்றை வீட்டில் உள்ளவர்களும் பார்த்துவிட வேண்டும். அதுவரைக்கும் அவருக்குத் தான் பார்த்ததே கணக்கில்லை. எழுபதுகளில் வேலைக்குச் சேர்ந்து, நடுவில் சில வருடம் வேறு மாவட்டங்களில் இருந்தபோதுகூட, வாரக் கடைசியில் பஸ் பிடித்து வந்துவிடுவாராம். வந்த களைப்பு தீருவதற்குள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏதாவது ஒரு கரையில் நிற்பார். காளிகேசம், கீரிப்பாறை, உலக்கை அருவி, மருத்துவாழ் மலை, தாடகை மலையின் அடிவாரம். மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு மட்டும் எத்தனை தடவை என்று வீட்டில் யாருக்கும் கணக்குத் தெரியாது. பரளியாற்றுப் பள்ளத்துக்குக் குறுக்கே, ஒரு மலையிலிருந்து எதிர் மலைக்கு, 28 தூண்களின் மேல் 115 அடி உயரத்தில் பட்டணங்கால் கால்வாய்த் தண்ணீரை நடத்திக்கொண்டு போகிற பாலம் அது. 1966ல் அது முடிந்தபோது மாமா பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தார். சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, படித்தால் இன்ஜினியருக்குத்தான் படிப்பேன் என்று வீட்டில் அடம் பிடித்தாராம். அந்தப் பாலத்தின்மேல் என் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போனபோது, தொட்டியில் ஓடுகிற தண்ணீரில் ஒரு சருகைப் போட்டு, அதோடு சேர்ந்து நடக்கச் சொன்னார். தண்ணீர் எவ்வளவு மெதுவாக நடக்கிறது என்று காலுக்குத் தெரியட்டும் என்றார்.

இதையெல்லாம் எழுதும்போது அவரைக் குறையே இல்லாத மனிதராக ஆக்கிவிடக் கூடாது. என் நாத்தனாரைக் கேட்டால் வேறு கதை வரும். "லீவு விட்டா மலை, இல்லேன்னா கொளம். எங்க அப்பா எங்கள ஒரு சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனதில்ல" என்று இன்றைக்கும் சொல்வாள். அவள் கணுக்காலில் அட்டை கடித்த தழும்பு இருக்கிறது. நடக்க முடியாமல் யாராவது உட்கார்ந்துவிட்டால் மாமாவுக்குப் பொறுமை போய்விடும். சானலில் குப்பை கொட்டுகிறவர்களிடம் அவர் போட்ட சண்டைகளால் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாமலே போனார்கள். அத்தையோ, இத்தனை வருடப் போக்குவரத்தில் பாதி இடத்துக்கு மேலே ஏறியதே இல்லை. எல்லோரும் அருவிக்கும் உச்சிக்கும் போய்விட்டு வரும்வரை கீழே ஒரு பாறையில் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு உட்கார்ந்திருப்பார். "நாப்பது வருசமா செருப்புக்குக் காவல் இருந்தவ நான்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். வருத்தமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். ஆனால் அதைக் கேட்டபோது எனக்கு மாமாமேல் கோபம் வந்தது உண்மை.

இன்னொரு பக்கம், மலைநீரில் பிள்ளைகளை எப்படி வைத்துக்கொள்வது என்று அவரிடம்தான் கற்றேன். காளிகேசத்தில் ஒருநாள் நல்ல வெயில். பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மாமா கரையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்து, "ஏறு, ஏறு, எல்லாரும் மேல ஏறு" என்று கத்தினார். கண்ணாடிபோல் இருந்த தண்ணீரில் லேசாகச் செம்மண் நிறம் கலந்திருந்தது. நுரையும் சருகும் சேர்ந்து வந்தன. எங்கள் தலைக்குமேல் வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை பெய்கிறது என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் நின்ற பாறை தெரியவில்லை. அங்கே வந்திருந்த மற்றக் குடும்பங்களையும் கைபிடித்து ஏற்றிவிட்டுத்தான் அவர் மேலே வந்தார்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. அதைப் பற்றி நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடலுக்குப் போனவர்களைத் தேடி ஊர் ஊராக அழுதுகொண்டிருந்த நாட்கள். மலையோரத்தில் ரப்பரும் வாழையும் படுத்துக் கிடந்தன, மின்கம்பங்கள் சாய்ந்து நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அறுபத்தொன்பது வயதில் மாமா வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு பையன்களோடு சேர்ந்து ரோட்டில் விழுந்த மரம் வெட்டினார். அடுத்த வருடம் சித்திரையில் கோதையாறு வரை போய்விட்டு வந்தார். அதுதான் அவர் கடைசியாக மலை ஏறியது. ஆனி மாதத்தில் ஒரு காலை அத்தை அடுப்படியில் சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போயின.

பதினெட்டு அடி

ஆஸ்பத்திரியிலிருந்து அத்தையைக் கூட்டிவந்த நாளை நான் மறக்க மாட்டேன். எங்கள் வீட்டு வராந்தாவுக்கு மூன்று படி. சக்கர நாற்காலியோடு சேர்த்து என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுத் தம்பியும் தூக்கினார்கள். தெருவே நின்று பார்த்தது. தூக்கும்போது நாற்காலி ஒருபக்கம் சாய்ந்து, சேலை விலகி, அத்தை இடது கையால் அதை இழுத்துவிட முடியாமல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மாமா கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். யாரிடமும் எதுவும் பேசவில்லை. அன்று சாயந்திரம் அவர் அந்தப் படிகளின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டேப்பால் அளந்துகொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

மூன்று படியும் சேர்ந்து 18 அங்குலம். ஒரு அங்குலம் ஏற 12 அங்குல நீளம் வேண்டும், அப்போதுதான் சக்கர நாற்காலியை ஒருவர் மூச்சு வாங்காமல் தள்ளலாம், இறக்கும்போது கைநழுவி ஓடாது. ஆக மொத்தம் 18 அடி நீளத்துக்குச் சரிவு வேண்டும். எங்கள் முற்றமோ படியிலிருந்து கேட்டு வரைக்கும் 12 அடிதான். மறுநாள் வந்த கொத்தனார், "ஒம்பது அடி போதும் சார், எல்லாரும் அப்பிடித்தான் போடுகா" என்றார். ஒன்பது அடியில் போட்டால் சரிவு இரண்டு மடங்காகிவிடும். மாமா கோபப்படவில்லை. கரித்துண்டால் தரையில் கோடு போட்டார். வராந்தா ஓரமாகவே ஒன்பது அடி, கிணற்றடியில் நாலு அடிக்குச் சதுரமாக ஒரு சமதளம், அங்கே திரும்பி கேட்டை நோக்கி இன்னொரு ஒன்பது அடி. "நேரே போகாண்டாம். சானல் மாதிரி சுத்தி வளைச்சுக் கொண்டு போயிருவோம்" என்றார்.

மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய டியூபை எடுத்தார். ஒரு முனையை அவர் பிடிக்க, இன்னொரு முனையை அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்த என் மூத்த மகன் பிடித்தான். டியூபுக்குள் காற்றுக்குமிழி நின்றால் மட்டம் பொய் சொல்லும், விரலால் சுண்டி வெளியேற்ற வேண்டும் என்று அவனுக்குக் காட்டிக் கொடுத்தார். சிமெண்ட் பூசி ஈரம் காயும் முன் கொத்தனாரிடம் ஈர்க்கு வாரியலை வாங்கி, குறுக்குவாட்டில் கோடு கோடாகத் தானே இழுத்தார்; மழையில் சக்கரம் வழுக்கக் கூடாதே. ஒரு வாரம் தண்ணீர் விட்டு நனைத்த பிறகு சோதனை. நாற்காலியில் மாமாவே ஏறி உட்கார்ந்தார். பெரியவர்கள் யாரும் தொடக் கூடாது என்றார். பத்து வயதுப் பையன் தள்ள வேண்டும். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிலிருந்து கிணற்றடி வரை தள்ளினான், சமதளத்தில் நின்று மூச்சு வாங்கினான், அப்புறம் வராந்தா வரை ஏற்றிவிட்டான். மாமா அத்தையைக் காட்டிச் சொன்னார்: "இவன் தள்ளினாப் போரும். இனி ஆருக்காகவும் அவ காத்துக் கெடக்காண்டாம்."

அடியந்திரத்தில் பேசிய பெரியவர் இந்தப் பதினெட்டு அடியைப் பார்த்திருக்கிறார். அதன்மேல் நடந்துதான் பந்தலுக்கு வந்தார். ஆனால் அது எதற்காக இரண்டாக மடங்கிக் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மனைவி விழுந்துவிட்டார், இனி என் ஊர் சுற்றல் அவ்வளவுதான் என்று மாமா உட்காரவில்லை. பெரிதாகச் சபதமும் எடுக்கவில்லை. இந்த நாற்காலியைக் கொண்டு எதுவரை போகலாம் என்று பார்த்தார், அளக்கத் தொடங்கினார்.

முதலில் கேட்டு வரை. அப்புறம் தெருமுனை. அங்கே ரோட்டுக்கும் சானல் கரைக்கும் நடுவில் முக்கால் அடி உயர வித்தியாசம். சொந்தக் காசில் இரண்டு சட்டி கலவை போட்டுச் சரிவாக்கினார். அப்புறம் கரையோடு ஷட்டர் வரை. ஒவ்வொரு குழியையும் பேரனோடு நடந்து குறித்து வைத்திருந்தார். ஆடி மாதம் மாலையில் காற்று அதிகம், காலையில் போகணும். ஐப்பசியில் கரை சகதி, ரோட்டு வழிதான். சானலில் தண்ணீர் இல்லாத பங்குனியில் போவதில் சுகமில்லை, அப்போது குளத்துக்குப் போகலாம். கன்னிப்பூ, கும்பப்பூ என்கிற இரண்டு போக நெல்லுக்கும் தண்ணீர் விடுவதற்கு முறை எழுதிய கை, இப்போது அத்தையின் சாயந்திரங்களுக்கு முறை எழுதியது. காலையில் பேப்பர் வந்ததும் அணைகளின் நீர்மட்டத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டுவார். பேச்சிப்பாறை 48 அடியில் எவ்வளவு, பெருஞ்சாணி 77 அடியில் எவ்வளவு என்று கேட்காமல் அத்தை காப்பியைத் தொட மாட்டார். திருத்தமாகப் பேச வராத நாட்களில்கூட எண்ணை மட்டும் திருப்பிச் சொல்வார். நாக்குக்கு அதைவிட நல்ல பயிற்சி வேறு இருந்திருக்காது.

அப்புறம்தான் குளங்கள். தேரூர் குளமும் சுசீந்திரம் குளமும் சேர்ந்த ஈரநிலத்துக்கு 2022ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்கிற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தபோது பலருக்கு அது செய்தி. அத்தைக்கு அது ஏற்கெனவே சாயந்திரம் உட்காருகிற இடமாகியிருந்தது. ஐப்பசி தாண்டினால் வடக்கே வெகு தூரத்திலிருந்து வாத்துகளும் உள்ளான்களும் வந்து இறங்கும். நாமக்கோழிக் கூட்டம், ஒற்றைக்காலில் நிற்கிற நாரை, தாமரை இலைமேல் நடந்து போகிற இலைக்கோழி. காரில் ஏற்றி மணக்குடிப் பாலம் வரை கூட்டிப்போய்ப் பூநாரையைக் காட்டியிருக்கிறார். செருப்புக்குக் காவலாகக் கீழே உட்கார வைக்கப்பட்டவர், இப்போது எங்கே போவது, எப்போது திரும்புவது என்று சொல்பவராக ஆகியிருந்தார். அவர் "போரும்" என்றால் வண்டி திரும்பும். நாற்பது வருடத்தில் மாமா கொடுக்காமல் விட்ட ஒன்றை இந்த ஏழு வருடத்தில் கொடுத்தார் என்று நான் நினைக்கிறேன். மாமாவும் அப்படி நினைத்தாரா என்று தெரியாது, அவர் இதையெல்லாம் வாய்விட்டுப் பேசுகிற ஆள் இல்லை. தினமும் காலையில் தேங்காய் துருவி, தீயலுக்கு உள்ளி உரித்து என்னிடம் தருவார். அத்தையின் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுவார். அவ்வளவுதான்.

இதில் மாமாவுக்கு இழப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வனத்துறை அனுமதி வாங்கி முத்துக்குழிவயல் பக்கம் போக ஒரு வருடம் கூட்டாளிகள் கூப்பிட்டார்கள். ரெண்டு நாள்தானே, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று நாங்களும் சொன்னோம். பரணிலிருந்து பையை இறக்கி, தூசி தட்டி, வார் சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். பிறகு அவர்களில் இளையவனைக் கூப்பிட்டு அந்தப் பையைக் கொடுத்து அனுப்பினார். அன்றைக்கு ராத்திரி, "மலைக்குப் போக ஆசை இல்லையா மாமா?" என்று கேட்டேன். "இருக்கு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆசை கடைசி வரை அவருக்கு இருந்தது. ஆனால் ஆசை நிறைவேறாமல் இருப்பது வேறு, முடங்கிப்போவது வேறு. பந்தலில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

பால் வாங்கப் போன வழி

மாமா போனது இந்த வருடம் தை மாதம், கும்பப்பூ அறுவடைக்குச் சற்று முந்தி. மாரடைப்பு. சிரமப்படுத்தவில்லை. அடியந்திரப் பேச்சு என்னை உறுத்திக்கொண்டே இருந்ததால் ஒருநாள் அத்தையிடமே கேட்டுவிட்டேன். அத்தையின் பேச்சு இப்போது கொஞ்சம் குழறினாலும் எங்களுக்கு எல்லாம் புரியும். "மொடங்கினது நானாக்கும். அவிய எங்க மொடங்கினாவ?" என்றார். அப்புறம் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார்.

மாமா காலை நாலரைக்கு எழுந்து பால் வாங்கப் போவார். பால் கொடுக்கிற வீடு மூன்றாவது தெருவில். போய்வர பத்து நிமிடம். மாமா திரும்பி வர ஆறரை, ஏழு ஆகும். நான் எழுந்து வரும்போது பால் அடுப்பில் இருக்கும் என்பதால் எனக்கு இது தெரிந்ததே இல்லை. அந்த இரண்டு மணி நேரமும் அவர் குளத்தங்கரையில் இருந்திருக்கிறார். அத்தைக்கு நாலு மணிக்கே தூக்கம் கலைந்துவிடும். ஆனால் கண்ணைத் திறக்க மாட்டாராம். "நான் முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா போகமாட்டாவ. கேட்டு சாத்துற சத்தம் கேட்ட பொறவுதான் நான் திரும்பிப் படுக்கது" என்றார். ஏழு வருடமும் இப்படித்தான்.

மாமாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? காப்பி குடிக்கும்போது, "பால் வாங்கப் போன வழியில ஊசிவால் வாத்து வந்து கெடக்கதைப் பாத்தேன்" என்பாராம். பால் வீடு இருப்பது குளத்துக்கு நேர் எதிர்ப்பக்கம். அத்தை, "எத்தனை?" என்று மட்டும் கேட்பார். அவருடைய நோட்டுப் புத்தகங்களை நான் பிறகு எடுத்துப் பார்த்தேன். பழைய டைரிகள், பாதி உபயோகித்தவை. தேதி, குளத்துப் படித்துறையில் எத்தனை படி தண்ணீருக்கு மேலே தெரிகிறது, மொட்டைமாடி மழைமானியில் எவ்வளவு, என்ன பறவை. சில வரிகளுக்கு எதிரே டிக் போட்டிருந்தது, சிலவற்றுக்கு இல்லை. டிக் போட்டதெல்லாம் தனக்குச் சொன்னது என்றார் அத்தை. கடைசி டைரியில் டிக் போடாமல் இருந்த சில வரிகளை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். ஒரு இடத்தில் நிறுத்தி, படி எத்தனை என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

ஜூன் 1ஆம் தேதி கன்னிப்பூவுக்குப் பேச்சிப்பாறையைத் திறப்பார்கள். தேரூர்ச் சானலுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்ததும் ஷட்டர் வரை போக வேண்டும் என்று அத்தை இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். கிணற்றடித் திருப்பத்தில் சிமெண்ட் கொஞ்சம் வெடித்திருக்கிறது, சக்கரம் அதில் தட்டுகிறது. என் மூத்தவனுக்கு இப்போது பதினேழு வயது. டியூபைத் தேடி எடுத்துக் கழுவி வைத்திருக்கிறான். பழைய கொத்தனாரே வியாழக்கிழமை வருகிறார்.